கிண்ணியாவுக்கு ஒரு ஹீற்றர்

திருகோணமலைப் பக்கம் ஹீற்றர் வாங்குகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வருடத்தில் முக்கால்வாசி நாள் மின்விசிறிக்குக் கீழே சாரனை உதறி உதறிப் படுக்கிற சனம் இது. அதனால் சஜீத்தின் லொறி கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து மாமனார் வீட்டு வாசலில் நின்று, கோவா மூட்டைக்கும் கரட் மூட்டைக்கும் நடுவிலிருந்து அந்தப் பெட்டியை அவன் இறக்கியபோது, மாமனாரிடம் மீன் வாங்க வந்து நின்ற முஹம்மது தம்பி வாயைப் பிளந்துவிட்டார்.

"என்ன மருமகன், நுவரெலியாவையே லொறியில ஏத்திட்டு வந்தீங்களா? அடுத்த நடை ஐஸ் மழையும் கொஞ்சம் கொண்டு வாங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. உள்ளறைக் கட்டிலில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்த சஜீத்தின் பெண்சாதி பஸ்னாவுக்கு இந்தக் கதை முழுவதும் கேட்டது. அவள் கோபப்படவில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், என் பிள்ளைக்குச் சூடு வேணும் என்று இருந்துவிட்டாள்.

பிள்ளை ஒரு மாதத்துக்கும் மேல் முந்திப் பிறந்துவிட்டான். இக்ராம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்கக் கூட உடம்பில் சதை இல்லை. பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு கிலோ எண்ணூறு வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவும் சும்மா இல்லை, ஒரு கண்டிப்போடு. பிள்ளையைச் சூடாக வைத்திருக்க வேண்டும். குளிர் பட்டால் குடிக்கிற பாலெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாகிவிடும், நிறை ஏறாது. வியாழக்கிழமை மிட்வைஃப் லக்சனா மிஸ் வீட்டுக்கு வந்து நிறுப்பார். தராசு முள் ஏறியிருக்காவிட்டால் பிள்ளை திரும்ப ஆஸ்பத்திரிக்கு.

அந்த ஆஸ்பத்திரி நாட்களைப் பஸ்னா மறக்கவில்லை. பிள்ளை கண்ணாடிக்குள், அவள் கண்ணாடிக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையில். தொடவேண்டும் என்றால் கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இனி ஒருதரம் அவனை அந்தப் பெட்டிக்குள் கொடுக்க மாட்டேன் என்று அவள் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாள். ஆனால் அது மாரி காலம். கொட்டியாரக் குடாவிலிருந்து வருகிற காற்று ஓட்டுக்குள்ளால் நுழைந்து கட்டில் காலைத் தடவிக்கொண்டு போனது.

ஹீற்றர் யோசனை அவளுடையதுதான். கலியாணத்துக்கு முன்னும் பின்னும், வயிறு தள்ளிக் கதிரையில் இருக்க ஏலாமல் போகும் வரையும், அவள் திருகோணமலை டவுனில் ஒரு மின்சாமான் கடையில் வேலை செய்தாள். உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ்காரருக்கெல்லாம் சுடுதண்ணீர் ஹீற்றர் விற்றது அவள்தான். விற்றாள் என்று சொன்னால் போதாது, பாடம் எடுத்தாள். பல்ப் வாங்க வந்தவர் வீட்டு வயரிங்கையே மாற்றிக்கொண்டு போவார். 'பஸ்னா இருக்கிற கடைக்குப் போனா கால் கடுக்கும், ஆனா வீடு எரியாது' என்று டவுனில் ஒரு பேச்சு இருந்தது. பஸ்னாவுக்கு அதில் நல்ல பெருமை.

திருகோணமலையில் அறை ஹீற்றரை யார் விற்பான்? மரக்கறி ஏற்ற மலைநாட்டுக்கு லொறி ஓட்டுகிற புருஷன் எதற்கு இருக்கிறான்? நுவரெலியாக் கடை ஒன்றுக்குள் நின்றுகொண்டு சஜீத் போனில் வீடியோ எடுத்தான். முதலில் காட்டியது செந்தணலாகச் சிவந்து எரிகிற கம்பி ஹீற்றர்.

"பாரு பஸ்னா, எப்பிடி எரியுது எண்டு! கிட்ட நிக்க ஏலாது, அவ்வளவு சூடு."

"அதுதான் வேணாம் எண்டுறன். ஒரு சீலைத்துண்டு பறந்து அதில விழுந்தா என்ன நடக்கும்? அங்கால சீப்பு மாதிரி ஒண்டு நிக்குதே, எண்ணெய் ஹீற்றர், அதைக் காட்டுங்க மச்சான்."

"இது சிவக்காது. ஓடுதா நிக்குதா எண்டே தெரியாது."

"சிவக்கத் தேவையில்ல, சுட்டாப் போதும். வயரைப் பிடிங்க. தடிப்பா? பிளக் மூண்டு காலா? நல்லது. இப்ப ஓட விட்டுட்டு மெல்லச் சரிச்சுப் பாருங்க, தானா நிக்க வேணும்."

கடைக்காரர் முகத்தைச் சுளித்தது போனிலேயே தெரிந்தது. சஜீத் சரித்தான். ஹீற்றர் 'டிக்' என்று நின்றது. "அதுதான்," என்றாள் பஸ்னா. சஜீத் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டச் சொன்னான். அவனுக்கு அந்தச் சிவப்புக் கம்பியில் கண் போனது போனதுதான், ஆனால் பெண்சாதியோடு வாய்கொடுத்து வெல்ல அவன் என்ன பைத்தியமா?

அப்படி வந்து சேர்ந்த ஹீற்றரை முதலில் நம்பாதவள் பஸ்னாவின் உம்மா சுபைதா. அவள் மகளுக்கு நாற்பது பார்க்கிறவள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் அறையை விட்டு வெளிக்கிடக் கூடாது, காற்றுப் படக் கூடாது, குளிர்ந்த சாமான் வாயில் படக் கூடாது. சுபைதா இதை ஒரு பட்டாளத்துக்காரி மாதிரி நடத்தினாள். யன்னல் இடுக்குகளிலெல்லாம் பழைய சாரனைக் கிழித்து அடைத்திருந்தாள். கதவுக்குக் கீழே கோணிச்சாக்கு. எறும்பு கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

ஹீற்றரைச் சுற்றி இரண்டுதரம் நடந்து பார்த்தாள். "நெருப்பும் இல்ல, வெளிச்சமும் இல்ல. இது என்ன சூடு?"

"கையக் கிட்டக் கொண்டுபோங்க உம்மா."

கொண்டுபோனாள். புருவம் உயர்ந்தது. "ஆ, சுடுதுதான்." அதற்குப் பிறகு அவளுக்கு ஹீற்றர் பிடித்துவிட்டது, அதுதான் வினையாகப் போனது. பஸ்னா மூலிகை போட்டுக் காய்ச்சிய சரக்குத்தண்ணியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், ஹீற்றரின் சீப்புப் பல் ஒவ்வொன்றிலும் பிள்ளையின் ஈரத்துணி வரிசையாகக் காய்கிறது. மேலே ஒரு துவாய் வேறு.

"உம்மா! எடுங்க, எடுங்க, எல்லாத்தையும் எடுங்க!"

"ஏன் புள்ள கத்துற? கொடி கட்டினமாதிரித்தானே செஞ்சு வெச்சிருக்கான். மாரியில துணி காய இதைவிட என்ன வேணும்?"

"மூடினா அதுக்கு மூச்சு முட்டும். உள்ளுக்குச் சூடேறித் தானா நிண்டுபோகும். இல்லாட்டித் துணி கருகும். நிண்டுபோனா பிள்ளைக்குச் சூடு எங்க?" பஸ்னா ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் எடுப்பித்தாள். ஹீற்றரைக் கட்டிலிலிருந்து கை நீட்டினாலும் எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள். பிள்ளை பக்கம் முகம் காட்டாமல் திருப்பினாள். வயரைக் கால் இடறாதபடி சுவரோரமாக விட்டாள். நீட்டு வயர் கொண்டுவந்த வாப்பாவைத் திருப்பி அனுப்பினாள். சுவர்ப் பிளக்கில் நேரே செருகினாள். அந்தப் பிளக் மூன்று கால் போடுகிற, பளபளப்பான, நல்ல சாமான்தான். எல்லாம் சரியாகச் செய்தாயிற்று என்று நிமிர்ந்து பார்த்தாள். கடையில் நின்றிருந்தால் தனக்குத் தானே ரசீது எழுதிக் கொடுத்திருப்பாள்.

யானைக்கும் அடி சறுக்கும். இரண்டாம் நாள் அந்தி, மஃரிப் பாங்கு சொல்லி முடிகிற நேரம். சஜீத் மறுபடி லொறியோடு மலைக்குப் போய்விட்டான், வாப்பா ஸஹாப்தீன் பள்ளிக்குப் போயிருந்தார். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்னா பழக்கதோஷத்தில் போய்ப் பிளக்கைத் தொட்டாள். ஹீற்றர் வாங்குகிற எல்லாரிடமும் அவள் சொல்லி அனுப்புகிற சொல் அது, 'ஓடவிட்டுட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்க, சுட்டா நிப்பாட்டுங்க.' தொட்ட கையை இழுத்துக்கொண்டாள். பிளக் கொதித்தது. வெள்ளைச் சுவர்ப் பெட்டியின் ஓரம் பழுத்த வாழைத்தோல் மாதிரி மண்ணிறமாகியிருந்தது. குனிந்து மணந்து பார்த்தாள். உருகிய பிளாஸ்டிக்.

உடனே சுவிட்சை அணைத்தாள். அலுமாரியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, பிளக்கிலிருந்து வயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தாள். நேரே மேலே ஏறி, லைட் சுவிட்சுக்குள் போனது. நூல் மாதிரி மெல்லிய லைட் வயர். ஒரு பல்புக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட வயரில், இரண்டு நாளாக ஒரு முழு ஹீற்றரைக் கட்டி இழுத்திருக்கிறாள்.

பள்ளியிலிருந்து தலை துவட்டிக்கொண்டு வந்த ஸஹாப்தீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். மனிசன் தலையைச் சொறிந்தார்.

"அது மகள்... உன்ட கலியாணத்துக்கு முதல்நாள். மாப்பிள்ள வாற அறையில பிளக் இல்லாம இருந்தா நல்லா இருக்காது எண்டு, அவசரத்துக்கு லைட்டில இருந்து இழுத்தது. வடிவான பிளக்காத்தானே வாங்கிப் போட்டன்."

பஸ்னாவுக்கு அவரைக் கோபிக்க வாய் வரவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் என்கிற ஊரில், வீட்டைக் கட்டி முடிக்கிறதுக்குள் எந்த வாப்பாவுக்குத்தான் முதுகு ஒடியவில்லை? கோபம் முழுக்கத் தன்மேல்தான். நுவரெலியாவில் இருந்த பெட்டியை இங்கே இருந்துகொண்டு தலைகீழாகப் புரட்டிப் பார்த்தவள், தன் தலைமாட்டில் இருந்த சுவரைப் பார்க்கவில்லை. அடி மடைச்சி, ஊருக்கெல்லாம் சொன்னாயே, உனக்கு யார் சொல்வது?

"ட்ரிப் சுவிட்ச் விழயில்லயே மகள்? பிழை எண்டா விழுந்திருக்குமே?"

"அது ஷொக் அடிச்சாத்தான் விழும் வாப்பா. வயர் சூடாகிறத அது பார்க்காது. வயரிங் தம்பிராசா அண்ணனுக்குப் போன் அடியுங்க. அவர் வந்து பார்க்கும் வரைக்கும் இந்த வயரில வேற ஒண்டும் போடக் கூடாது."

தம்பிராசா டவுனில் இருந்தார். மழை விட்டால் நாளை மறுநாள் வருகிறேன் என்றார். அறை அதற்குள் ஆறத் தொடங்கிவிட்டது. பஸ்னா பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. சட்டையைத் திறந்து அவனை வெறும் நெஞ்சோடு இன்னும் இறுக்கினாள். ஆஸ்பத்திரியில் பழக்கியது அப்படித்தான், தோலோடு தோல். ஆனால் அவளுக்கே பல் கிட்டியது. இரவெல்லாம் இப்படியே போனால், வியாழக்கிழமை முள் எங்கே ஏறும்?

அப்போதுதான் கதவு திறந்தது. சுபைதா இரண்டு கையாலும் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே சிரட்டைக்கரி கணகணவென்று கனிந்திருந்தது.

"வெச்சுட்டுக் கதவைச் சாத்துறன். உன்ட கரண்ட்டும் வேணாம், கரைச்சலும் வேணாம். பாரு, புகை கூட இல்ல, நல்லாக் கனிய வெச்சுத்தான் கொண்டுவந்தன்."

"வெளிய கொண்டுபோங்க உம்மா."

"என்ன?"

"புகை இல்லாததுதான் பொல்லாதது." பஸ்னாவுக்குக் கடைக்குரல் வந்துவிட்டது, வாடிக்கைக்காரருக்குப் பாடம் எடுக்கிற அதே குரல். "இப்பிடி எல்லாத்தையும் அடைச்ச அறைக்க கரி எரிஞ்சா ஒரு நச்சுக் காத்து வரும். மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. பெரியாக்கள் எண்டாலும் மயங்கிடுவாங்க. சின்னப் பிள்ளை எண்டா நித்திரையிலயே போயிடும். எத்தின வீட்டில..."

"பைத்தியக் கதை கதைக்காத புள்ள!" சுபைதாவின் குரல் உடைந்தது. "குளிர் என்ன செய்யும் எண்டு உனக்குத் தெரியுமா? உனக்கு மூத்த ஒருத்தன் இருந்தவன். குளிரிலதான் அவனை மவுத்துக்குக் கொடுத்தன். நாங்க சண்டைக்குப் பயந்து தோப்பூருக்கு ஓடிப்போய் ஒருத்தர்ட அறையில கிடந்த மாரி. இதேமாதிரி மழை. கதவு யன்னலெல்லாம் அடைச்சு, தலைமாட்டில சட்டி வெச்சு, ராவெல்லாம் கரி போட்டன். விடியக்க பார்க்கிறன், நித்திரை மாதிரிக் கிடந்தான். எனக்கும் தலை வெடிக்கிற மாதிரி வலி, ஒரே சத்தி, வயித்தில ஒண்டும் நிக்கயில்ல. எழும்பக் கூட ஏலாமக் கிடந்தன். ஒரு சட்டி போதாமப் போச்சு, ரெண்டு சட்டி வெச்சிருந்தாப் பிள்ளை தப்பியிருப்பான் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்."

மூத்த காக்கா, அண்ணன் ஒருவர், குளிரில் போனார் என்று அவளுக்குத் தெரியும். சட்டிக் கதை தெரியாது. தலைவலிக் கதை தெரியாது. அடைத்த அறை, கனிந்த கரி, உம்மாவுக்குத் தலைவலி, சத்தி. கடையில் இதே அடையாளங்களை எத்தனை பேருக்கு விரல் மடக்கி மடக்கிச் சொல்லியிருக்கிறாள்! உம்மாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சட்டியை வெளிய வைங்க உம்மா," என்றாள் தணிந்த குரலில். "நான் பிள்ளையைக் குளிர விடமாட்டன். என்னை நம்புங்க."

அந்த வீட்டில் இன்னொரு பிளக் இருந்தது. முன் ஹோலில், ஸஹாப்தீனின் மீன் ஃப்ரீசருக்குப் போட்டது. கடல் குழம்பிக் கிடக்கிற மாரி நாட்களில் அவர் அறக்குளாவும் இறாலும் சேர்த்துவைத்து விற்பது அதிலிருந்துதான். ஃப்ரீசர் வாங்கியபோது பஸ்னா கடையிலிருந்தே ஆள் அனுப்பி, பெரிய கரண்ட் பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுப்பித்திருந்தாள். ஹீற்றரைத் தாங்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். பஸ்னா தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள்.

"எங்க போற?" சுபைதா வாசலை மறித்தாள். "நாப்பது முடியயில்ல! ஹோலுக்கயா? ரோட்டைப் பார்த்த இடம். ஆம்பிளைகள் வந்து போற இடம். ஊர் என்ன சொல்லும்?"

"நாப்பது எனக்குத்தான் உம்மா, அறைக்கில்ல. நான் எங்க இருக்கிறனோ அங்கதான் நாப்பது. வாப்பா, ஆம்பிளைகள வரவேணாம் எண்டு சொல்லிடுங்க."

ஸஹாப்தீன் ஃப்ரீசரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மகளின் சட்டைக்குள்ளிருந்து தெரிந்த உள்ளங்கையளவு தலையைப் பார்த்தார். "ரெண்டையும் ஒரே பிளக்கில மாட்டுற சாமான் ஒண்டு இருக்கே மகள்..."

"வாப்பா!"

"சரி, சரி, நான் ஒண்டும் சொல்லல்ல." மனிசன் சாரனை மடித்துக் கட்டினார். ஃப்ரீசரின் வயரை உருவிவிட்டு, ஐஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து மீனை அடுக்கத் தொடங்கினார். மீன் பெட்டியெல்லாம் வாசல் தாழ்வாரத்துக்குப் போனது. ஃப்ரீசரைக் கழுவித் துடைத்து ஒரு மூலைக்குத் தள்ளினார். வாசற்கதவுக்கு உள்பக்கம் இரண்டு கட்டில் விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார். மருமகனின் கலியாணக் கட்டில் ஹோலுக்கு வந்தது. சுபைதா கோபத்தில் ஒரு வார்த்தை பேசாமல், ஆனால் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தாள். சண்டை வேறு, வேலை வேறு.

காற்று வராத பக்கத்து யன்னலைப் பஸ்னா நாலு விரல் அளவுக்குத் திறந்துவைத்தாள். சுபைதா அதைப் பார்த்துவிட்டு, இடுக்கை அடைக்கக் கையில் எடுத்திருந்த சாரன் துண்டைக் கீழே போட்டாள்.

அடுத்த நாள்களெல்லாம் ஸஹாப்தீன் வாசலில் பெரிய குடையை நட்டு, அதன் கீழே ஐஸ் பெட்டியில் இருந்து வியாபாரம் செய்தார். மழை சாய்வாக அடித்து அவர் முதுகு ஒரு பக்கம் நனைந்துகொண்டே இருந்தது. முஹம்மது தம்பி வந்து நின்று சிரித்தார். "என்ன காக்கா, சொந்த வீட்டிலயே உங்கள வெளிய தள்ளிட்டாங்களா?"

"உள்ளுக்குப் பெரிய முதலாளி படுத்திருக்கார். சத்தம் போடாமக் கதைங்க," என்றார் ஸஹாப்தீன்.

உள்ளே பஸ்னா சட்டம் போட்டாள். ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு நூல்துணி வரக் கூடாது. யாராவது ஒருவர் விழித்திருக்கும்போதுதான் அது ஓடும், எல்லாரும் கண் அயர்வதென்றால் நிப்பாட்டிவிட்டுப் பிள்ளை நெஞ்சுக்குப் போய்விடும். ஹோலுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஸஹாப்தீன் கூட, சும்மா தண்ணீர் குடிக்க வந்தாலும், கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிளக்கைத் தொட்டார். "பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு," என்று அறிவித்துவிட்டுத்தான் போவார். தம்பிராசா வந்து அறை வயரைக் கழற்றிக் காட்டியபோது, அதன் தோல் கருகி உதிர்ந்தது. ஸஹாப்தீன் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புதுவயருக்குச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இக்ராம் குடித்தான், தூங்கினான், மறுபடி குடித்தான். முந்தியெல்லாம் அழ ஆரம்பித்தால் பாதியில் களைத்துவிடுவான். இப்போது முழு அழுகையையும் அழுது முடித்தான்.

வியாழக்கிழமை லக்சனா மிஸ் மழைக்கோட்டோடு வந்து இறங்கினார். விரிப்பை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பஸ்னா, ஹோலுக்குக் குடிவந்திட்டீங்களோ?"

"வயர் இருக்கிற இடத்துக்கு வந்துட்டன் மிஸ்."

மிஸ் தராசைக் கொக்கியில் மாட்டி, பிள்ளையைத் துணித்தொட்டியில் கிடத்தித் தூக்கினார். முள் ஆடியது. வாழ்நாள் முழுக்கத் தராசு பிடித்த மனிதர் ஸஹாப்தீன், வேறு வழியில்லாமல் உள்ளே வந்து நின்றவர், முள்ளைப் பார்க்க மாட்டாமல் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபைதாவின் உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. பஸ்னா மட்டும் முள்ளையே பார்த்தாள். ஏறு, ஏறு, என் தங்கமே, ஏறு.

"ஒரு கிலோ தொள்ளாயிரத்தம்பது," என்றார் மிஸ். "நல்லா ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் கதை இனித் தேவையில்லை."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஸஹாப்தீன் போட்ட சத்தத்தில் பிள்ளை துள்ளி விழுந்து அழுதது. பஸ்னா அவனை வாரி எடுத்து முகமெல்லாம் முத்தமிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அவள் துடைக்கவும் இல்லை.

மிஸ் பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பார்த்தார். "இப்பிடித் தொட்டுப் பாருங்கோ. வியர்த்திருந்தால் ஹீற்றரை நிப்பாட்டிப் போடுங்கோ, கூடச் சூடும் கூடாது. யன்னலைத் திறந்து வைச்சது நல்ல வேலை. சில வீடுகளில இன்னமும் கரிச்சட்டியை வைச்சு அடைச்சுப் போட்டு இருக்கினம். போன மாரியில் ஒரு வீட்டில தாயையும் பிள்ளையையும் மயங்கின நிலையிலதான் தூக்கினது. நல்லகாலம், தப்பிட்டினம்."

சுபைதா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். மிஸ்தான் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். மிஸ் குடித்துவிட்டு, கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். ஸஹாப்தீன் ஊருக்குச் சொல்ல வாசலுக்கு ஓடினார். வாசலில் அவர் முஹம்மது தம்பிக்கு இறால் சும்மா கொடுக்கிற சத்தம் கேட்டது.

சுபைதா வந்து கட்டிலில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். கால் நல்ல சூடாக இருந்தது.

"புள்ள," என்றாள். "மிஸ்ஸும் அதைத்தான் சொல்லிட்டுப் போறா."

பஸ்னா பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவன் போனது நான் வெச்ச சட்டியாலதானா?"

கேட்டுவிட்டு உம்மா முகத்தை நிமிர்த்தினாள். பஸ்னாவுக்கு விடை தெரியும். பல்பிலிருந்து ஃப்ரீசர் வரை, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் அவள். அந்த அறையை, அந்தக் காற்றை, அந்தத் தலைவலியை இந்த நிமிடமே எடுத்து விளக்கலாம். அவள் உம்மாவின் கண்களைப் பார்த்தாள்.

"இல்ல உம்மா," என்றாள். "குளிர்தான். அந்த மாரி பொல்லாத குளிர் எண்டு நீங்கதானே சொன்னீங்க. அந்தக் காலத்து வீடு, ஓட்டையும் உடைசலும், காத்து எப்பிடியும் வந்து போயிருக்கும். சட்டியால ஒண்டுமில்ல."

சுபைதா மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராது புள்ள," என்றாள் மெல்ல. "சின்னதிலயிருந்தே வராது."

பிறகு வாய்விட்டு அழுதாள். பஸ்னா ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் உம்மாவையும் சேர்த்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். அழுகை அடங்கும் வரை அவள் ஒரு விளக்கமும் சொல்லவில்லை.